எலுமிச்சம்பழத்துக்குள் நுழையாத கட்டைவிரல்

போன மாசியில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். எல்லோருக்கும் சாக்லேட்டும் தைலமும் கொண்டுபோனேன். எனக்கென்று கொண்டுபோனது வலது கால் கட்டைவிரலில் சதைக்குள் ஏறிய நகம்.

இங்கிலாந்தில் எனக்குக் கிடங்கில் வேலை. இரும்பு மூக்கு வைத்த பூட்ஸைப் பத்து மணி நேரம் கழற்ற முடியாது. என் பூட்ஸ் அரை அளவு சின்னது. மாற்றிக் கேட்கச் சோம்பல். வலிக்க ஆரம்பித்ததும் நகவெட்டியை எடுத்து ஓரத்தை நானே தோண்டி வளைத்து வெட்டினேன். செய்யக்கூடாத காரியம் அது. அப்படித் தோண்டும்போது அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிலும்பு நின்றுவிடும். நகம் வளர வளர அது சதைக்குள் இறங்கிக்கொண்டே போகும். பாத வைத்தியரைப் பார்க்கப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் பயணத் தேதி வந்துவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பார்த்துவிட்டார். "நகச்சுத்துடா இது." அவ்வளவுதான், அன்று சாயங்காலமே தெருவே வைத்தியராகிவிட்டது.

முதலில் அத்தை. எலுமிச்சம்பழத்தின் நுனியைச் சீவி, உள்ளே உப்பும் மஞ்சளும் வைத்து, தொப்பி மாதிரி விரலில் மாட்ட வேண்டும் என்றார். கைவிரலுக்குச் சின்ன வயதில் எனக்கும் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் என் கால் கட்டைவிரல் எந்த எலுமிச்சம்பழத்துக்குள்ளும் நுழைவதாக இல்லை. "கிடாரங்காய் இருந்தா பாருங்கடா" என்று அத்தை பேரனைத் தோப்புக்கு அனுப்பினார். நல்லவேளை, கிடைக்கவில்லை.

ராத்திரி மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்துக் கட்டினார்கள். குளுகுளுவென்று இருந்தது, நன்றாகவே தூங்கினேன். காலையில் பிரித்துப் பார்த்தால் விரல் முழுக்கச் சிவப்பு. எது மருதாணிச் சிவப்பு, எது புண்ணின் சிவப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக்கொண்டே வந்தார். அதற்கு மட்டும் நான் காலை நீட்டவில்லை. சுண்ணாம்பு தோலை வேகவைத்துவிடும். ஏற்கெனவே பிய்ந்த சதை வேறு.

எங்கள் தெருவில் இந்தத் தொல்லைக்குத் தனிப் பெயர் கிடையாது. விரல் நுனியில் எது வீங்கினாலும் நகச்சுத்துதான். நகச்சுத்து என்பது நகக்கண்ணில் கிருமி புகுந்து சீழ் வைப்பது. எனக்கு வந்தது நகமே சதையைக் குத்துவது. முள்ளை எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் என்ன ஆகும்? பெயர் ஒன்றாக இருந்ததால் மருந்தும் ஒன்றாகிவிட்டது.

வீட்டு வைத்தியத்தில் பலன் தந்தவை சாதாரண விஷயங்கள்தான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை காலை வைத்திருந்து, ஈரம் போகத் துடைப்பது. நகமும் சதையும் இளகும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்வதும் இதைத்தான். அப்புறம் பஞ்சு. இளகிய நக ஓரத்தின் அடியில் துளி பஞ்சைச் செருகி நகத்தைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும், தினம் மாற்ற வேண்டும். எனக்கு வரவில்லை. ஐம்பது வருடமாக விளக்குத் திரி திரித்த கை அம்மாவுடையது. ஒரே சுழற்றில் நூல் மாதிரித் திரித்து உள்ளே வைத்துவிட்டார். மூன்றாவது, பூட்ஸ் இல்லாத கால். நாள் முழுக்க ரப்பர் செருப்புதான்.

நான்கு நாளில் வலி பாதியானது. ஆனால் ஓரத்தில் சதை பொதபொதவென்று வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது.

மருந்துக்கடையில் காட்டினேன். ஒரு கேள்வி கிடையாது, அட்டையில் நான்கு கேப்சூலைக் கத்தரித்து, வலி மாத்திரையோடு காகித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். சீட்டு இல்லாமல், இரண்டு நாளைக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக். இங்கிலாந்தில் இப்படிக் கேட்டால்கூடத் தரமாட்டார்கள். வாங்கினேன், விழுங்கவில்லை. அழகு நிலையத்துப் பெண் நகத்தின் நடுவில் கவட்டை மாதிரி வெட்டிவிட்டால் ஓரம் விலகிவிடும் என்றார். நகம் வேரிலிருந்து வளர்வது. நுனியில் வெட்டியா அதன் போக்கை மாற்ற முடியும்?

பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் "ஃபாரினா? இன்சூரன்ஸ் இருக்கா?" என்று ஆரம்பித்தார்கள். முழு நகத்தையும் எடுக்க வேண்டும், ஒருநாள் தங்க வேண்டும், அதற்கு முன் இத்தனை டெஸ்ட் என்று பட்டியல் நீண்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு சின்ன கிளினிக். சாயங்காலம் 6 மணிக்கு டோக்கன், 9 மணிக்கு உள்ளே. சர்ஜன் முதலில் கேட்டது "சுகர் இருக்கா?" இல்லை என்றதும்தான் விரலைத் தொட்டார். முழு நகம் வேண்டாம் என்றார். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி (கத்தினேன்), அப்புறம் ஓரத்து நகத்தை மட்டும் நீளவாக்கில் கத்தரித்து உருவினார். அதே இடத்தில் மறுபடி வளராமலிருக்க வேரில் ஃபீனால் தொட்டுவைத்தார். இருபது நிமிடம். கட்டு, மருந்து எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். மூன்று மணி நேரம் காத்திருந்ததைக்கூட மன்னித்துவிட்டேன். இனிமேல் நகத்தை நேராக வெட்டு, ஓரத்தை உருட்டாதே என்று மட்டும் சொன்னார்.

கட்டு பிரித்த பிறகு, அம்மா வழக்கம்போல வாளியில் வெந்நீர் விளாவி, தன் காலை விட்டுப் பார்த்துவிட்டு, "வெதுவெதுன்னுதான் இருக்கு, வை" என்றார். வைத்த வேகத்தில் அலறி எடுத்தேன். கொதி. அம்மாவின் பாதம் செக்கச் சிவந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக சர்க்கரை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் மறுநாள் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். என் விரலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க சார், கால் பரிசோதனைக்கு" என்றார்.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை, வரிசை மட்டும் நீளம். டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும் இழை அது. தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அம்மா சமர்த்தாக "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், இழை தொடாத நேரத்திலும். கட்டைவிரல்களின் அடியில் தொட்டபோது சும்மா இருந்தார்.

சர்க்கரையால் உணர்வு போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம், எலுமிச்சம்பழம், சுண்ணாம்பு, நகத்தை வீட்டில் தோண்டுவது எதுவும் கூடாது என்றார் டாக்டர். புண் வந்தால் வலி வந்து சொல்லாது. தினம் யாராவது பாதத்தைப் பார்க்க வேண்டும். அத்தைதான் பார்க்கிறார் இப்போது. வீடியோ காலில் எனக்கும் காட்டுகிறார், முக்கால்வாசி நேரம் தரைதான் தெரிகிறது.

திரும்பும்போது கடைவீதியில் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கினோம். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறுப்பு தவிர வேற கலரே இல்லையாடா?"