ஓடிபி: எஸ்எம்எஸ்ஸா, ஆத்தென்டிகேட்டர் ஆப்பா?

எஸ்எம்எஸ்ஸுக்கு முழுவழி மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டுவது) கிடையாது. நெட்வொர்க் நிறுவனத்தின் சர்வரில் அப்படியே படிக்கலாம். அதைவிடப் பெரிய ஓட்டை டூப்ளிகேட் சிம். உங்கள் பெயரில் ஒருவர் அதை வாங்கிவிட்டால், உங்கள் போனில் சிக்னல் போய்விடும். ஓடிபி அவருக்குப் போகும். நெட்வொர்க்குகளை இணைக்கும் பழைய எஸ்எஸ்7 முறையிலும் செய்தியைத் திருப்பிவிடலாம். 2017இல் ஜெர்மனியில் வங்கிக் கணக்குகளில் திருடர்கள் பணம் எடுத்தது அப்படித்தான்.

ஆத்தென்டிகேட்டர் ஆப்போ, முதலில் தளம் காட்டும் க்யூஆர் கோடில் வாங்கிய ரகசியச் சாவியையும் நேரத்தையும் வைத்து, 30 விநாடிக்கு ஒருமுறை போனுக்குள்ளேயே 6 இலக்க எண்ணைப் போடும். சிக்னலே வேண்டாம். போன் கடிகாரம் பிசகினால் எண் செல்லாது. நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். ஆப் இல்லாதபோது உள்ளே நுழையத் தளம் தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிவைக்காமல் போனைத் தொலைத்தால் திண்டாட்டம்தான். போலித் தளத்தில் நீங்களே எண்ணைத் தட்டினால் இரண்டுமே காப்பாற்றாது.

ஜிமெயிலுக்குத் தயங்காமல் ஆப். வங்கி எஸ்எம்எஸ் மட்டும்தான் தருகிறதா? லாக் ஸ்கிரீனில் செய்தி தெரிவதை நிறுத்தி, சிம்முக்கும் பின் நம்பர் (PIN) போடுங்கள்.