வாரிசு மிகுந்த கோமகனும் வாரிசற்ற கோமகனும்

ஜெர்மனியின் சிறு நாடுகளில் ஒன்றான நாசாவ்-டில்லன்பர்க்கின் கோமகன் ஆறாம் யோஹானுக்கு மூன்று திருமணங்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இன்னொரு ஜெர்மன் சிறு நாடான ஓல்டன்பர்க்கின் கோமகன் அன்டோன் கியுன்டருக்கோ மனைவி வழியில் ஒரு பிள்ளைகூட இல்லை. எது பெரிய தலைவலி?

யோஹான் 1606இல் இறந்தார். மறு ஆண்டே நாடு ஐந்து மகன்களுக்குப் பங்கு போடப்பட்டது: டில்லன்பர்க், சீகன், பைல்ஷ்டைன், டீட்ஸ், ஹடமார். ஏற்கெனவே சிறிய நாடு. துண்டானதும் ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு. சீகன் பங்கு மதச் சண்டையில் பின்னர் மறுபடியும் பிளந்தது. ஆனால் டீட்ஸ் கிளைதான் இன்றைய நெதர்லாந்து அரச குடும்பத்தின் மூலம்.

அன்டோன் கியுன்டர் வேறு ரகம். 1603 முதல் 1667 வரை, 64 ஆண்டு ஆட்சி. ஜெர்மனியைச் சூறையாடிய முப்பதாண்டுப் போரில் (1618–48) அக்கம்பக்கமெல்லாம் எரிந்தபோது, தன் லாயத்துக் குதிரைகளைப் டில்லி என்ற படைத்தளபதிக்குப் பரிசாகக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார். கிரானிஹ் என்ற அவரது குதிரையின் பிடரிமயிர் தரையில் புரண்டதாம். அதை வரைந்த ஓவியக்காரர் கொஞ்சம் கூட்டியிருப்பார் என்றே எனக்குப் படுகிறது. வேசர் நதியில் போகும் கப்பல்களிடம் வசூலித்த சுங்கம் கஜானாவை நிரப்பியது.

ஆளும் திறமையில் என் ஓட்டு இவருக்கே. ஆனால் எலிசபெத் ஃபொன் உங்நாடுடன் பிறந்த மகன் அன்டோனுக்கு, அவன் தாயை அன்டோன் கியுன்டர் மணக்காததால், அரியணை உரிமை இல்லை. ஃபாரெல், க்னிப்ஹவுசன் சொத்துகளோடு அவன் திருப்திப்பட வேண்டியதாயிற்று. 64 ஆண்டு கட்டிக்காத்த ஓல்டன்பர்க், கடைசியில் டென்மார்க் மன்னர் கைக்குப் போனது.