ஸ்விஃப்ட் மொழியில் சொந்தச் செயற்குறிகள்: ஒரு மதிப்புரை

வெக்டர் கணக்குகளுக்காக ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய நூலகம் (பிற நிரல்களில் பயன்படுத்தக்கூடிய நிரல்தொகுப்பு) எழுதியபோது, புள்ளிப் பெருக்கலுக்கு (dot product) +, - போன்ற ஒரு செயற்குறியாக (operator) • என்ற குறியை நானே அறிவித்துக்கொண்டேன். சி++ மொழியில், இருக்கும் குறிகளுக்குப் பணிமிகுப்பு (overloading, அதாவது ஒரே குறிக்குக் கூடுதல் செயல்களைத் தருவது) செய்யலாமே தவிர, புதிய குறியைப் படைக்க முடியாது. ஜாவா பணிமிகுப்பையும் அனுமதிப்பதில்லை. ஸ்விஃப்டிலோ, இடையில் வரும் குறியா, முன்னொட்டா, பின்னொட்டா என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டு, அதன் செயலை வழக்கமான செயற்கூறாக (function) எழுதினால் போதும்.

இந்த வசதியில் என்னை மிகவும் கவர்ந்தது முன்னுரிமையை, அதாவது எந்தக் குறியின் செயல் முதலில் நடக்க வேண்டும் என்பதை, வகுக்கும் முறை. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி 0 முதல் 9 வரையிலான எண்களால் முன்னுரிமையைக் குறிக்கிறது. ஸ்விஃப்டும் தொடக்கத்தில் 0 முதல் 255 வரை எண்களையே பயன்படுத்தியது. 2016இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு எண்களைக் கைவிட்டு, குறிகளை முன்னுரிமைக் குழுக்களாகப் பிரித்து, 'இந்தக் குழு கூட்டலைவிட உயர்ந்தது' என்பது போல, குழுக்களுக்கு இடையிலான உறவைச் சொல்லும் முறைக்கு மாறியது. நான் முதலில் • குறிக்கு எந்தக் குழுவையும் குறிப்பிடாததால், அ • ஆ + இ என்ற கோவையை (expression) நிரல்பெயர்ப்பி (compiler) ஏற்க மறுத்தது. கூட்டலுக்கும் என் குறிக்கும் உறவு சொல்லப்படாத நிலையில், தானாக ஒரு வரிசையை ஊகித்துத் தவறான விடை தருவதைவிட, பிழை காட்டி நிறுத்துவது எவ்வளவோ மேல். பெருக்கல் குழுவில் சேர்த்ததும் கோவை சரியாக இயங்கியது.

குறைகளும் உண்டு. குறியின் ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி விட்டால், அது முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ கொள்ளப்பட்டுப் பிழை வருகிறது. புதிதாகக் கற்பவருக்கு இதன் காரணம் எளிதில் விளங்காது. ஒரே குறிக்குப் பல தரவு வகைகளுக்குப் (types) பணிமிகுப்பு செய்து நீண்ட கோவைகளில் பயன்படுத்தினால், வகைகளைச் சரிபார்க்க நிரல்பெயர்ப்பி வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது, சில வேளைகளில் கோவை மிகவும் சிக்கலானது என்று கைவிட்டும் விடுகிறது. இவற்றைவிடப் பெரிய இடர், வாசிப்பவருக்கு நேர்வது. முன்பு ஒரு நிரலாளர் அணியிடமிருந்து எனக்கு வந்த நிரலில் ஏழெட்டுப் புதுக் குறிகள் இருந்தன. பெயர் இருந்திருந்தால் ஊகித்திருக்கக்கூடிய செயல்களை அறிய, ஒவ்வொன்றின் வரையறையையும் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

ஆகவே, கணிதம் படித்தவர் பார்த்ததும் அறியும் குறிகளுக்கு மட்டும் இந்த வசதியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மேக் கணினியின் அமெரிக்க ஆங்கில விசைப்பலகையில் ஆப்ஷன் விசையுடன் 8ஐ அழுத்தினால் • கிடைக்கும், அதே விசையுடன் V எழுத்தை அழுத்தினால் வர்க்கமூலக் குறியான √ கிடைக்கும்; கணங்களின் சேர்ப்பைக் குறிக்கும் ∪ போன்றவற்றுக்கு அத்தகைய எளிய வழி இல்லை. என் நூலகத்தில் இப்போது • மற்றும் √ மட்டுமே இருக்கின்றன. மற்ற குறிகளையெல்லாம் பெயருள்ள செயற்கூறுகளாக மாற்றிவிட்டேன்.