செகண்ட் லைன் பீச்சில் நின்றுகொண்டு சாப்பிட வேண்டிய அத்தோ

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி செகண்ட் லைன் பீச் தெருவுக்குள் நுழைந்தால் சாயங்கால நேரத்தில் பூண்டு எண்ணெய் வாசனையே வழி காட்டிவிடும். அங்கே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளில் நான் சொல்வது ஒரு அக்கா நடத்தும் வண்டி. போர்டெல்லாம் கிடையாது. சுவைக்கும் அளவுக்கும் முழு மார்க், இரண்டு பேர் வயிறார சாப்பிட்டாலும் கையைக் கடிக்காது. உட்கார இடமில்லை, கை கழுவ ஒரு டிரம் தண்ணீர்தான், குழந்தைகளோடு வருபவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

நாம் கேட்ட பிறகுதான் கலக்கவே ஆரம்பிக்கிறார். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிப் போட்டு, மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் என்று மளமளவென்று சேர்த்துக் கையாலேயே பிசைந்து, கடைசியில் பேஜோ என்ற மொறுமொறு தட்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். பாதி ருசி அந்த நொறுங்கும் சத்தத்தில்தான் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் அவருடைய சகாவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் கூட்டிக் கேட்க வைத்தால் அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தெரிந்தது.

அத்தோ முடிந்ததும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். அப்புறம் முட்டை மசாலா வரும், நடுவில் கீறி, பொரித்த வெங்காயமும் காரமும் அடைத்தது, அதற்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும்! ஒரே ருசி தொடர்ந்தால் அந்த ருசி மட்டும்தான் சலிக்கிறது, வேறொன்று வந்தால் ஆசை திரும்ப எழுகிறது, உணவு ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1980-களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாழைத்தண்டு போட்ட சூப்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அக்கா முகம் சுளிக்க மாட்டார்.

இங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது மிச்சிகன் பல்கலைக்கழகத்து கென்ட் பெரிட்ஜின் எலிகள். மூளையில் ஆசையைத் தூண்டும் ரசாயனமான டோபமைன் கிட்டத்தட்ட இல்லாமலே போன எலிகள், எதிரே சாப்பாடு இருந்தாலும் தானாகப் போய்த் தின்னவில்லை, ஆனால் இனிப்புத் தண்ணீரை வாயில் விட்டால் வழக்கம்போல உதட்டை நக்கி ரசித்தன. வேண்டும் வேண்டும் என்று துடிப்பது ஒன்று, கிடைத்ததை ரசிப்பது வேறொன்று. ராத்திரி போனில் சாப்பாட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே, அதில் முக்கால்வாசி துடிப்புதான். இந்த வண்டி முன்னால் ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் ஸ்பூன், போனை எடுக்கக் கை ஏது? முழு மனசும் தட்டில்தான் இருக்கும்.

நாக்கை அடக்கு, சிக்கனமாக இரு என்றே வளர்க்கப்பட்டவர்கள் நாம். வேலையெல்லாம் முடிந்தால்தான் சந்தோஷப்படலாம் என்று ஒரு கணக்கு வேறு வைத்திருக்கிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டபோது, இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் இந்த ருசியை மட்டும் விடவில்லை. எல்லாம் போன பிறகும் அவர்கள் காப்பாற்றிக்கொண்ட ஒன்றை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாயங்காலம் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவர்கள் சூப்பை உறிஞ்சி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று கிண்ணத்தை நீட்டும்போது அந்த முகங்களைப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

முதல் தடவை என்றால் காரம் மீடியம் சொல்லுங்கள், தூக்கலாகக் கேட்டால் நிஜமாகவே தூக்கலாகத்தான் இருக்கும். இருட்டின பிறகு கூட்டம் நெருக்கும், கொஞ்சம் முன்னாடியே போய்விடுவது நல்லது. பார்சல் வேண்டாம், வீடு போய்ச் சேருவதற்குள் எல்லாம் நமுத்துவிடும். வீட்டில் பெரியவர்களுக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டுமென்றால் பேஜோவையும் புளித்தண்ணீரையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், கேட்டால் தருவார்.