ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா? கொம்பு இடம் மாறும் ஒரு வாட்ச்சோடு இரண்டு வருடம்

நான் கட்டியிருக்கிற ஸ்மார்ட்வாட்ச்சின் விலை இப்போது நான் வாங்கியதில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேலாக என் கையிலேயே கிடப்பதால், பட்டறையில் யாருக்காவது வாங்கும் ஆசை வந்தால் நேராக என்னிடம் வருகிறார்கள். பிரஸ் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவர் போன வாரம் வந்து, "ஏங்க தம்பி, இதுல சுகர் பாக்கலாமாமே, நானும் ஒண்ணு வாங்கட்டுங்களா?" என்று கேட்டார். சுகருக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன்: பார்க்க முடியாது. வாங்கலாமா என்பதற்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை.

பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை. அமோலெட் திரை, ப்ளூடூத் காலிங், ஐபி68, நூற்றுக்கணக்கில் வாட்ச்ஃபேஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். ஐயாயிரத்துக்குக் கீழே எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

முதலில் நல்லது. கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். தகட்டை அடித்து வடிவமைக்கும் பவர் பிரஸ் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே பாதிதான் காதில் விழும். பேன்ட் பாக்கெட்டில் அடிக்கிற போன் எங்கே கேட்கப் போகிறது? வைப்ரேஷனில் போட்டாலும் தரையின் அதிர்வில் அது தெரியாமல் போய்விடும். மணிக்கட்டில் எலும்பை ஒட்டி அதிர்ந்தால் மட்டும் எந்தச் சத்தத்திலும் தெரிகிறது. ஒரு கையில் அளவு பார்க்கும் வெர்னியர், மறு கையில் எண்ணெய் பிசுக்கோடு இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரம். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். வீட்டிலிருந்து என்றால் எடுப்பேன், கிரெடிட் கார்டு விற்பவர் என்றால் விட்டுவிடுவேன். இது வந்த பிறகு அம்மாவின் "எத்தன தடவ கூப்புடறது" என்ற பாட்டு நின்றுபோனது. இன்னொன்று அலாரம். ஆறு மணி ஷிஃப்ட் வாரத்தில் நாலரைக்கு எழ வேண்டும். வாட்ச் என்னை மட்டும் எழுப்புகிறது, குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கிறது. போன் அலாரத்தோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

(லேத் என்னும் கடைசல் மெஷினில் நிற்பவர்கள் இதையோ வேறெந்த வாட்ச்சையோ கட்டவே கூடாது. பாகத்தைப் பிடித்துக்கொண்டு சுழல்கிற சக்கில் பட்டை மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மோதிரத்துக்கும் அதேதான். நானே மெஷின் பக்கம் போகும்போது கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.)

இனி என் வயிற்றெரிச்சல்.

வாங்கிய புதிதில் இதில் தமிழ் மெசேஜ் வந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரு அப்டேட் வந்தது, கட்டங்கள் போய் எழுத்து வந்தது. அன்றைக்கு ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். மனைவியிடமிருந்து "பசேவும்" என்று ஒரு மெசேஜ் நின்றது. போனை எடுத்துப் பார்த்தால் "பேசவும்". அன்றிலிருந்து "வேகமா வாங்க" எனக்கு "வகேமா வாங்க", "செலவு" எனக்கு "சலெவு". 'கொ', 'போ' மாதிரி இரண்டு பக்கமும் துணை வேண்டிய எழுத்துகளின் நிலைமை இன்னும் மோசம். கொம்பும் காலும் எழுத்தைத் தனியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு காலி இடத்தைச் சுற்றி நிற்கின்றன.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கணினியும் போனும் எழுத்துகளைக் குறித்துவைக்கும் பொது முறையான யூனிகோடில் 'பே' என்பது முதலில் 'ப', அதற்குப் பின்னால் இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் காட்டும்போது கொம்பை இடது பக்கம் நகர்த்தி வைப்பது கருவியின் வேலை. போனில் அதற்கென்று தனி மென்பொருள் உண்டு. ஹார்ஃப்பஸ் என்று ஒன்று, இலவசமாகவே கிடைக்கிறது. விலை குறைந்த வாட்ச்சுக்குள் ஓடுவது ஆண்ட்ராய்டு இல்லை. குட்டிச் சிப்பில், குறைந்த நினைவகத்தில் ஓடும் சின்ன இயங்குதளம். அதில் வந்த வரிசையிலேயே எழுத்தை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்னால் ஆண்ட்ராய்டு போன்களிலும் தமிழ் இதே கோலத்தில்தான் இருந்தது, அப்புறம் சரியாயிற்று. அந்தப் பொறுமையோடு இருந்திருப்பேன். ஆனால் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கும் பீகார் பையனின் ஹிந்தி மெசேஜை இதே வாட்ச்சுக்கு அனுப்பிப் பார்த்தோம். ஹிந்தியிலும் இகரக் குறி எழுத்துக்கு முன்னால்தான் வரவேண்டும். இதே நகர்த்தும் வேலை. அது அச்சுப் பிசகாமல் வந்து நிற்கிறது. அங்கே செய்யத் தெரிந்த வேலையை இங்கே செய்யவில்லை, அவ்வளவுதான். கஸ்டமர் கேருக்கு எழுதினால், வாட்ச்சை ரீசெட் செய்து பாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் அதே பதில்.

சரி, எழுத்து உடைந்தாலும் ஊகித்துப் படித்துவிடலாம், பழகியும் போகிறது. ஊகிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. என் வாட்ச் நீண்ட மெசேஜை நடுவில் வெட்டிவிடும். அதே நீளத்தில் ஆங்கிலம் வந்தால் முழுதாகக் காட்டும். தமிழ் வந்தால் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கும். அந்த யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்குப் பிடிக்கும் இடம் 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; கொம்பும் புள்ளியும் கூடத் தனிக் குறிதான். 'பேசவும்' என்பதில் ஏழு குறிகள், ஆக 21 பைட். ஆங்கிலத்தில் 'கால் மீ' என்று அடித்தால் நடுவில் விடும் இடத்தோடு சேர்த்து 7. பைட்டை எண்ணி வெட்டுகிற கருவியில் தமிழுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் கிடைக்கும். இதில் நம் மொழியில் வினை கடைசியில் வேறு வரும். முதலாளியிடமிருந்து ஒரு நாள், "அந்த 2 எச்பி இம்பெல்லர் லாட்ட இன்னைக்கு லாரியில ஏத்த" என்பது வரைக்கும் வாட்ச்சில் வந்தது. ஏத்தவா, ஏத்த வேண்டாமா? லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எண்ணெய்க் கையைத் துடைத்து போனை எடுத்துப் பார்த்தேன்: "ஏத்த வேண்டாம், போர் சைஸ் கம்ப்ளைன்ட் வந்திருக்கு." நடுத் துளையின் அளவில் புகார். போனை எடுக்காமல் இருக்கத்தானே இதை வாங்கினேன்!

உடல்நலம் பற்றிய பகுதியில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அடியில் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியை அனுப்பி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதைப் பார்த்து நாடியைக் கணக்கிடுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் டாக்டர் விரலில் மாட்டும் கருவியோடு ஓரளவு ஒத்துப்போகிறது. மாடிப்படி ஏறினாலோ பட்டை தளர்ந்தாலோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. நடையை எண்ணுவதிலும் அப்படித்தான்: அவிநாசி ரோட்டில் பைக்கில் உட்கார்ந்தே போனாலும் கொஞ்சம் நடந்ததாக எழுதிக்கொள்ளும், பிரஸ் பக்கத்து மேசையில் கையை ஊன்றி நின்றாலும் எழுதிக்கொள்ளும். அந்தப் பத்தாயிரம் அடி இலக்கே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. மருத்துவர்கள் கணக்குப் போட்டு வைத்த எண் இல்லை. எட்டவில்லை என்று வருத்தப்பட வேண்டாம்.

ஆனால் சுகர் விஷயத்தை அப்படி விட முடியாது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டுவதாகச் சொல்லும் வாட்ச்சையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம், அப்படித் தானாக அளக்கும் எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சிலர் கட்டியிருக்கும் வாட்ச்சில் சுகர் அளவு தெரிகிறதே என்றால், அது மேற்கையில் ஒட்டிய தனி சென்சாரிலிருந்து வருகிற எண். அந்த சென்சாரின் நுனி தோலுக்குள் இருக்கும். வாட்ச் வெறும் காட்டுகிற பலகை. பிரஷரும் கிட்டத்தட்ட இப்படித்தான். சாம்சங்கின் விலை உயர்ந்த வாட்ச்சிலேயே 28 நாளுக்கு ஒரு முறை கையில் பட்டை கட்டி அளக்கும் நிஜ பிபி மெஷினோடு ஒத்துப் பார்த்து அமைக்க வேண்டும். என்னுடையது போன்றதில் பிபி என்று ஒரு எண் வந்தால் அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அண்ணனிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

ரிப்பேர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்த மாதம்தான் நடந்தது. சார்ஜ் ஏறவில்லை. பின்பக்கத்தில் சார்ஜர் ஒட்டும் இரண்டு புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்து பச்சை பூத்திருந்தது. காந்திபுரத்தில் ஒரு மொபைல் கடைத் தம்பி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார், ஐம்பது ரூபாய். பேட்டரியும் முன்பு ஒரு வாரம் ஓடியது, இப்போது மூன்றாம் நாளே திணறுகிறது. கம்பெனி சர்வீஸில் கேட்டால், "பேட்டரி தனியா வராதுங்க, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கலாம்." ஐபி68 என்று போட்டிருப்பது தூசிக்கும் சுத்தமான தண்ணீருக்கும்தான், கோவை வெயிலின் வியர்வைக்கும் கூலன்ட் ஆயிலுக்கும் அதில் உறுதிமொழி எதுவும் கிடையாது.

கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றுதான் வர வேண்டும். அலாரம் ஒன்றுக்கே கொடுத்த காசு தீர்ந்துவிட்டது, இப்போது விலை வேறு பாதி. இருந்தும் அண்ணனிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்று, அவர் தேடுவது சுகர். அது இதில் இல்லை. இரண்டு, அவர் வீட்டில் எல்லாரும் மெசேஜ் அடிப்பது தமிழில். மூன்றாவது, அன்று காலையில்தான் என் வாட்ச் "சலெவு" என்று இன்னொரு தடவை காட்டியிருந்தது. அடுத்த வாரம் வந்து கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் கழற்றப் போவதில்லை, பட்டை கூடப் புதிதாக மாற்றிவிட்டேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். கடையில் டெமோ பீஸை உங்கள் போனோடு இணைக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டு, "வேகமா பேசவும், செலவு கொஞ்சம் இருக்கு, கோவிலுக்குப் போற வழியில தேங்காய் வாங்க வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கொம்பு அதனதன் இடத்தில் நின்று, 'வேண்டாம்' வரைக்கும் முழுசாக வந்தால் தாராளமாக வாங்குங்கள். எந்த மாடல் என்று எனக்கும் சொல்லுங்கள்.