போட்டிக்கு ஓப்பனிங் புக் தயாரிக்க பாலிகிளாட்: எஞ்சின் எழுதுபவரின் மதிப்புரை

சொந்தமாகச் செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் நிரல்) எழுதிப் போட்டியில் இறக்குகிறவர்கள் ஓப்பனிங் புக், அதாவது யோசிக்காமலே ஆடத் தொடக்க நகர்வுகளைச் சேமித்து வைத்த கோப்பு, செய்ய எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் பாலிகிளாட் என்ற நிரலைச் சொல்வேன். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்வேன்: அது உருவாக்கித் தரும் புக்கை அப்படியே போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆட்டங்களை எண்ணிக் கூட்டித் தருவதுதான் அதன் வேலை. எந்த நகர்வை நம்பலாம் என்று முடிவெடுப்பது முழுக்க நம் தலையில்.

இதை எழுதியவர் ஃபாபியன் லெட்டூசே. 2005இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகக் கணினிச் செஸ் சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம் பிடித்த ஃப்ரூட் எஞ்சினின் ஆசிரியர். யூசிஐ என்ற தொடர்பு நெறி பேசும் எஞ்சினை, வேறு நெறி பேசும் விண்போர்டு என்ற பலகை நிரலுக்குள் ஓட்ட ஒரு இடைத்தரகர் தேவைப்பட்டது; பாலிகிளாட் அதற்காகப் பிறந்தது. அந்த வேலை இன்று அநேகருக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் அதோடு வந்த புக் வடிவம் நிலைத்துவிட்டது. குட்செஸ், எக்ஸ்போர்டு, சிட், பைத்தான்-செஸ் போன்ற செஸ் நிரல்கள், லிச்செஸ் இணையதளத்தில் எஞ்சினைப் பாட்டாக (தானே ஆடும் கணக்காக) ஓட்டும் நிரல் எல்லாமே இதை வாசிக்கும். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

வடிவத்தின் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். ஒரு பதிவுக்கு 16 பைட். பலகை நிலையைக் குறிக்கும் சாவிக்கு 8, நகர்வுக்கு 2, அதன் எடைக்கு 2, மிச்சம் 4 கற்றலுக்கு என்று ஒதுக்கியது. பெரும்பாலான புக்குகளில் அது காலியாகவே இருக்கும். அவ்வளவுதான். பத்து லட்சம் பதிவுள்ள புக் 16 எம்பிக்குள் அடங்கிவிடும். பதிவுகள் சாவி வரிசையில் அடுக்கியிருப்பதால், கோப்பை நினைவகத்தில் ஏற்றாமலே பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடி எடுக்கலாம். சாவியைக் கணக்கிட 781 ரேண்டம் எண்கள்: காய்-கட்டங்களுக்கு 768, காசலிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமைகளுக்கு 4, ஆன்-பாசானுக்கு (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) 8, யார் முறை என்பதற்கு 1. ஒரு மாலைப்பொழுதில் வாசிப்பு நிரலை நீங்களே எழுதிவிடலாம்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். காசலிங்கை இது ராஜா தன் யானையையே வெட்டுவது போலக் குறிக்கும்: ஈ1இலிருந்து ஜி1க்கு அல்ல, ஹெச்1க்கு. எஞ்சின் அதை மாற்றிப் புரிந்துகொள்ளாவிட்டால், சட்டவிரோத நகர்வு என்று போட்டி நிரல் ஆட்டத்தையே பறித்துக்கொள்ளும். அடுத்தது ஆன்-பாசான். எதிரிச் சிப்பாய் பக்கத்தில் நின்று உண்மையிலேயே வெட்டக் காத்திருந்தால் மட்டுமே அந்த எண்ணைச் சாவியில் சேர்க்க வேண்டும். சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தாலே சேர்த்துவிட்டால், வெள்ளை ஈ4 ஆடிய மறுகணமே உங்கள் புக் ஊமையாகிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்து மேக்-புக் என்று கட்டளையிட்டால், ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு நகர்வுக்கும் பாலிகிளாட் போடும் எடை இதுதான்: ஆடியவர் வென்றால் 2, டிரா என்றால் 1, தோற்றால் 0. எல்லா ஆட்டத்துக்கும் கூட்டிவிடும். இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு நகர்வை 1000 பேர் ஆடியிருக்கிறார்கள். 300 வெற்றி, 200 டிரா, 500 தோல்வி. எடை 800. பக்கத்திலேயே புதிதாகக் கண்டுபிடித்த நகர்வு ஒன்று. 10 ஆட்டம்தான், 6 வெற்றி, 2 டிரா. எடை 14. எஞ்சின் எடைக்கேற்ப நகர்வைத் தேர்ந்தெடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டிருக்கும் பழைய நகர்வைத்தான் ஆடும். சிறந்த நகர்வை மட்டும் ஆடு என்று அமைத்தால் நூற்றுக்கு நூறு. இதே கணக்கில், ஒரே ஒரு ஆட்டத்தில் வந்து, அதுவும் 40ஆவது நகர்வில் செய்த வேறொரு பிழையால் தோற்றுப்போன அருமையான புதுமைக்கு எடை பூஜ்யம். அது புக்கில் ஏறவே ஏறாது.

டிராக்களும் ஏமாற்றும். கிராண்ட்மாஸ்டர்கள் ஓய்வு நாள் போலக் கழிக்கும் ஆட்டங்கள் தொகுப்பில் நிறைய உண்டு. பெர்லின் டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தில் வெள்ளை ராணி ஈ4க்கும் டி4க்கும், கறுப்பு ராணி ஈ6க்கும் டி6க்கும் மாறிமாறிப் போய்ப் பதினாலு நகர்வில் கைகுலுக்கும் வரிசை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு புள்ளி ஏறுகிறது. உங்களைவிடப் பலவீனமான எஞ்சினோடு வெள்ளையில் ஆடும்போது இந்த வரிசை வந்தால், புக்கே அரைப்புள்ளியைத் தாரை வார்த்துவிடும். அதனால் 20 நகர்வுக்குள் முடிந்த டிராக்களைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டே பாலிகிளாட்டிடம் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1997 மே 11, ஆறாவது ஆட்டம், கேரோ-கான் தொடக்கம். ஏழாவது நகர்வில் காஸ்பரோவ் சிப்பாயை ஹெச்6க்குத் தள்ளினார். டீப் ப்ளூ உடனே ஈ6இல் குதிரையைப் பலி கொடுத்தது. அது தேடிக் கண்டுபிடித்த நகர்வு இல்லை, புக்கில் இருந்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. அந்தப் புக்கை ஜோயல் பெஞ்சமின் உள்ளிட்ட கிராண்ட்மாஸ்டர்கள் கையால் கட்டினார்கள். ஏறக்குறைய 4000 நிலைகள்தான். அதற்குப் பின்னால் 7 லட்சம் ஆட்டங்களிலிருந்து சுருக்கிய இன்னொரு அடுக்கு இருந்தது. என்னை வியக்கவைப்பது அந்த இரண்டாம் அடுக்குதான். எத்தனை முறை ஆடப்பட்டது, என்ன முடிவு என்பதோடு, ஆடியவர்கள் எவ்வளவு வலுவானவர்கள், எவ்வளவு சமீபத்தில் ஆடினார்கள், உரையாளர்கள் அந்த நகர்வைப் பாராட்டினார்களா திட்டினார்களா என்பதையும் அது கணக்கில் எடுத்தது. அப்படி எடுத்தும் பெரும்பாலும் நகர்வைத் திணிக்கவில்லை. தேடலுக்கு ஒரு சாய்வு கொடுத்தது. பாலிகிளாட்டிடம் இருப்பது எண்ணிக்கையும் முடிவும் மட்டுமே. மிச்சத்தை நாம்தான் ஊட்ட வேண்டும்.

ஊட்டுவதற்கு அது நல்ல வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. மெர்ஜ்-புக் என்ற கட்டளை இரண்டு புக்குகளை இணைக்கும். ஒரு நிலை இரண்டிலும் இருந்தால் முதலாவதில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை ஒதுக்கிவிடும். இந்த ஒரு விதி போட்டிக்காரருக்குப் பெரிய வரம். நான் கையால் எழுதிய சிறிய புக்கை முதலில் வைக்கிறேன்: என் எஞ்சினுக்குப் பிடித்த வரிசைகள், எதிரி என்ன ஆடினாலும் என் பதில். ஆட்டத் தொகுப்பிலிருந்து எண்ணியெடுத்த அகலமான புக் இரண்டாவது; அதை 16, 20 அரைநகர்வோடு (ஒருவர் ஒருமுறை ஆடுவது ஒரு அரைநகர்வு) நறுக்கிவிடுவேன். எதிரி நான் யோசிக்காத பக்கம் போனால் மட்டும் அது கைகொடுக்கும். ஒன்லி-ஒயிட், ஒன்லி-பிளாக் என்ற விருப்பங்களும் இங்கே உதவும். வெள்ளைக்குத் தனிப் புக், கறுப்புக்குத் தனிப் புக் செய்து கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளையில் நான் கூர்மையாக ஆட விரும்புகிறேன், கறுப்பில் திடமாக. ஒரே தொகுப்பை இரண்டுக்கும் கொடுத்தால் இது நடக்காது.

கையால் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. பிஜிஎன் என்ற ஆட்டப் பதிவுக் கோப்பில் அடைப்புக்குறிக்குள் எழுதும் கிளைகளைப் பாலிகிளாட் வாசிக்காது, தாண்டிப் போய்விடும். மரம் மாதிரி அழகாகக் கிளைபரப்பி வைத்த தயாரிப்பை ஒவ்வொரு கிளையும் தனி ஆட்டமாக உதிர்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நகர்வு குறைந்தது எத்தனை ஆட்டத்தில் வந்திருக்க வேண்டும் என்று சொல்லும் மின்-கேம் மதிப்பை 1 என்று வைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒரே முறை வரும் வரிசைகளையெல்லாம் சத்தமில்லாமல் கழித்துவிடும்.

புக் முடியும் இடத்தில்தான் ஆட்டங்கள் போகின்றன. இதைப் பற்றி எஞ்சின் எழுதுபவர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை. டிராகன் சிசிலியன் என்ற தொடக்கத்தில் யூகோஸ்லாவ் தாக்குதல் என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராணிப் பக்கம் காசலிங் செய்து, ஹெச் சிப்பாயை ஓட்டிக்கொண்டு போகிறது. புக் அங்கே முடிகிறது. இப்போது எஞ்சின் சொந்தமாக யோசிக்கத் தொடங்கி, தாக்குவதை விட்டுவிட்டு ராஜாவைப் பத்திரப்படுத்த உட்கார்ந்தால், அந்தச் சிப்பாய் ஓட்டம் எல்லாம் வீண். கிராண்ட்மாஸ்டருக்கு நல்ல நிலை என்பதற்காக உங்கள் எஞ்சினுக்கும் அது நல்ல நிலை ஆகிவிடாது. எட்டாவது நகர்விலேயே ராணிகள் மாறிவிடும் பெர்லின் இறுதியாட்டமும் அப்படித்தான். இறுதியாட்டம் பலவீனமான எஞ்சினுக்கு அதைக் கொடுப்பது கொடுமை.

அதனால் புக்கின் ஒவ்வொரு முனையிலும் எஞ்சினை யோசிக்க விட்டு, அது சொல்லும் மதிப்பைப் பதிவு செய்கிறேன். அரைச் சிப்பாய் மதிப்புக்கு மேல் தனக்குப் பாதகம் என்று சொன்னால், அந்த வரிசையை ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கி வெட்டிக்கொண்டே வருவேன், எஞ்சினுக்கு மூச்சு விட முடிகிற இடம்வரை. மிஞ்சியவற்றைக் குட்செஸ்ஸின் கட்டளைவரி நிரலில் தொடக்க நிலைகளாகக் கொடுத்து, பல எஞ்சின்களோடு இரு நிறத்திலும் ஆடவைக்கிறேன். அங்கே தோற்கும் வரிசை, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், வெளியே.

கடிகாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. நகர்வுக்கு 2 வினாடி கூடும் ஆட்டத்தில் 12 நகர்வு புக்கிலிருந்து வந்தால் 24 வினாடி கையில் சேர்ந்திருக்கும். அந்த 24 வினாடி ஆசையில் புக்கை நீட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீளம் ஒரு பொருட்டே இல்லை. எஞ்சினுக்குப் புரிகிற நிலையில் போய் முடிந்தால் 8 நகர்வு புக் போதும்.

எதிரியும் சும்மா இருக்க மாட்டான் என்பதையும் சொல்ல வேண்டும். பொதுவெளியில் ஆடும் பாட்களின் ஆட்டங்கள் எல்லாம் யாரும் எடுத்துப் பார்க்கக் கிடைக்கின்றன. எப்போதும் எடை அதிகமான நகர்வையே ஆடும் எஞ்சினை ஒருமுறை வீழ்த்திய வரிசையிலேயே மறுபடியும் வீழ்த்தலாம். லிச்செஸ் பாட் நிரலில் புக் நகர்வைத் தேர்ந்தெடுக்க மூன்று முறைகள் உண்டு: எடைக்கேற்பக் குலுக்குவது, சமமாகக் குலுக்குவது, சிறந்ததை மட்டும் ஆடுவது. நான் எடைக்கேற்பக் குலுக்குவதையே வைக்கிறேன். முதல் சில நகர்வுகளில் இரண்டு மூன்று வழிகளுக்கு ஏறக்குறைய சம எடையைக் கையாலேயே போட்டுவிடுகிறேன். எடை வெறும் இரண்டு பைட் எண்தான் என்பதால் ஒரு சின்னப் பைத்தான் நிரல் போதும். திரையில் பார்த்துத் திருத்த விரும்புகிறவர்களுக்குச் சிட் விஎஸ் பிசியில் வசதி உண்டு.

மாற்று என்ன என்றால், செஸ்பேஸ் நிறுவனத்தின் சிடிஜி புக் வடிவம் இருக்கிறது. உலகப் போட்டிகளில் அலெக்சாண்டர் கூரே, ஜெரோன் நூமென் போன்ற புக் ஆசிரியர்கள் புகழ்பெற்ற அந்தக் காலத்து உலகம் அது. ஆனால் மூடிய வடிவம். உள்ளே கைவைத்து நம் இஷ்டத்துக்குச் சோதிக்க வசதியில்லை. செரிபெல்லம் போல, எஞ்சின் மதிப்பீட்டையே முனையிலிருந்து வேர்வரை ஏற்றிக் கட்டிய புக்குகளும் உண்டு. நகர்வுகளின் தரம் உயர்வு, ஆனால் அது இன்னொரு எஞ்சினின் ரசனை. என் எஞ்சினுடையது அல்ல.

டிசிஇசி என்ற எஞ்சின் போட்டி மாதிரி, அமைப்பாளரே தொடக்க நிலையைக் கொடுத்து இரு நிறத்திலும் ஆடவைக்கும் போட்டிக்குத்தான் உங்கள் எஞ்சின் போகிறது என்றால் இந்த உழைப்பு எதுவும் வேண்டாம். அங்கே சொந்தப் புக்குக்கு இடமில்லை.

குறைகள் என்று இன்னும் இரண்டைச் சொல்லலாம். புக் செய்யும்போது எல்லாப் பதிவுகளையும் நினைவகத்தில் வைத்திருப்பதால் மிகப்பெரிய தொகுப்பைக் கொடுத்தால் கணினி திணறும். முன்பே வடிகட்டிக் கொடுப்பது நல்லது. கட்டளைவரியைத் தவிர வேறு முகமும் கிடையாது, அது எனக்குச் சுமையில்லை. யாராவது இதை எடுத்துத் தொடர்ந்து வளர்த்தால் நான் கேட்பவை: பிஜிஎன் கிளைகளை வாசிக்கட்டும், ஆடியவர் தரத்தையும் ஆண்டையும் எடையில் சேர்க்க ஒரு விருப்பம் கொடுக்கட்டும், புக் முனைகளைத் தனிக் கோப்பாக எழுதித் தரட்டும். அதுவரை இந்த மூன்றையும் என் பைத்தான் நிரல்களே பார்த்துக்கொள்ளும்.