எலெக்ட்ரிக் கிட்டாரை லேப்டாப்பில் ஏற்ற நாலு வழி

களியக்காவிளையில் எங்கள் சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கும் பையன் போன மாதம் கேட்டான்: "அண்ணே, லேப்டாப்புல மைக் ஓட்டை இருக்குல்லா, அதுலயே குத்தினா போதாதா? எதுக்குத் தனியா ஒரு பெட்டி வாங்கணும்?"

"குத்திப் பாரு மக்கா, காதால கேட்டுட்டு பேசுவோம்" என்றேன்.

கன்வெர்ட்டர் பின் போட்டுக் குத்தினான். சத்தம் வந்தது. ஆனால் கம்பளிக்குள் வைத்து வாசித்தது போல வந்தது. கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி. அதிலிருந்து வரும் சிக்னல் வலுவில்லாதது. அதை வாங்கும் பக்கம் சுமார் 1 மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) இம்பீடன்ஸ், அதாவது மின் தடை, இருந்தால்தான் சிக்னல் முழுசாக வந்து சேரும். ஆம்ப்கள் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. லேப்டாப் மைக் ஓட்டையில் இருப்பதோ சில ஆயிரம் ஓம்தான். அது சிக்னலைக் கீழே இழுத்துவிடும். முதலில் போவது ட்ரெபிள். ஈக்வலைசரில் அதைத் திரும்ப ஏற்றினால் 'உஸ்' இரைச்சலும் சேர்ந்து ஏறும். இன்னொன்று: பேச்சுக்காக விண்டோஸ் போட்டு வைத்திருக்கும் நாய்ஸ் சப்ரஷன், நீட்டிப் பிடித்த ஒரு நோட்டை ஃபேன் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். இந்த வழியில்தான் போவேன் என்றால் முதலில் அதை ஆஃப் செய்ய வேண்டும்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். பின்பக்கம் நீல நிறத்தில் இருப்பது லைன் இன். கிட்டாரை நேராகக் குத்தாமல், பாஸ் (Boss) கம்பெனி பெடல் மாதிரி, பஃபர் (சிக்னல் கீழே இழுபடாமல் காக்கும் சின்ன சர்க்யூட்) உள்ள ஒரு எஃபெக்ட்ஸ் பெடல் வழியாக அதில் விட்டால் இம்பீடன்ஸ் பிரச்சினையைப் பெடலே பார்த்துக்கொள்ளும். காசே செலவில்லாத வழிகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

அடுத்தது ஒரு முனையில் கிட்டார் பின்னும் மறுமுனையில் யூ.எஸ்.பி.யும் உள்ள கேபிள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. நானும் ஒன்று வாங்கி ஒரு வருடம் ஓட்டினேன். மைக் ஓட்டையைவிட நிச்சயமாக மேல். ஆனால் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலின் அளவு, திருக அதில் குமிழ் கிடையாது; ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் ஓங்கி அடித்தால் சிக்னல் உடையும், கிட்டார் வால்யூமைக் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஹெட்போன் ஓட்டையும் இல்லை. உள்ளே போவது கேபிள் வழி, வெளியே வருவது லேப்டாப் சவுண்ட் வழி. இரண்டிலும் ஒலியை எண்ணும் கடிகாரம் தனித்தனி, மெல்ல மெல்ல விலகிப் போகும். பாட்டு மூன்றாவது நிமிடம் போகும்போது நடுவில் 'டிக் டிக்' என்று விழ ஆரம்பிக்கும். நல்ல டேக் ஒன்று அப்படிப் போனபோது எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமல்ல.

மூன்றாவது, ஆம்ப் முன்னால் மைக். வாசிக்கிற சுகத்துக்கு இதுதான் முதல் இடம். ஆம்ப் அறையை அதிர வைத்து, அந்த அதிர்வு கம்பியில் திரும்ப ஏறுவதை எந்த சாஃப்ட்வேரும் அப்படியே தருவதில்லை. உலகம் முழுக்க இதற்குக் கையில் எடுப்பது 1965இல் வந்த ஷ்யூர் எஸ்.எம்.57. அது இல்லாவிட்டால் கோயிலில், சர்ச்சில் கிடக்கும் அஹுஜா டைனமிக் மைக்கும் உதவும். ஸ்பீக்கர் கிரில்லிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். கோனின் நடுவுக்கு நேராக வைத்தால் கீச்சென்று இருக்கும், ஓரத்துக்கு நகர நகர மங்கும். ஒரு இஞ்சுக்குள்ளேயே டோன் மாறிவிடும்.

ஆனால் எங்கள் பக்கம் நிலைமை வேறு. குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் எடுப்பது மழையைத்தான். மழை இல்லாத ராத்திரியில் பக்கத்து வீட்டில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர் தூங்க வேண்டும். அதோடு மைக்கை லேப்டாப்பில் சேர்க்க எப்படியும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும்; கிட்டார், மைக் சிக்னலை யூ.எஸ்.பி. வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும், பையன் கேட்ட அந்தத் தனிப் பெட்டிதான் அது. அதனால் இது மலிவான வழி ஆகாது.

நாலாவது வழியான அந்த இன்டர்ஃபேஸ்தான் நான் பையனுக்குச் சொன்ன பதில். பெரிங்கர் யூ.எம்.2, எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, மூன்றிலும் கிட்டாருக்கென்றே இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உண்டு. முதல் இரண்டும் மலிவு; பதிவின் நுணுக்கம் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 48 ஆயிரம் சாம்பிள் (ஒலியின் அளவெடுப்பு). ஸ்கார்லெட் விலை கூடுதல், 24 பிட், டிரைவர் (பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் சாஃப்ட்வேர்) நன்றாக இருக்கும். வீட்டு டெமோவுக்கு 16 பிட் தாராளம். நான் ஸ்கார்லெட்டுக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் டிரைவருக்காகவே கொடுப்பேன்.

காரணம் தாமதம். கம்பியைத் தட்டியதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையில் கம்ப்யூட்டர் எடுக்கும் நேரம் அது. இங்கே பஃபர் என்பது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் சாம்பிள் எண்ணிக்கை. 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 128 சாம்பிள் என்றால் உள்ளே போக, வெளியே வர, ஒவ்வொரு பக்கத்துக்கும் 2.9 மில்லி செகண்ட். 1024 என்றால் 23. ஒலி காற்றில் 10 மில்லி செகண்டில் சுமார் 3.4 மீட்டர் போகும். ஆம்ப்பிலிருந்து அவ்வளவு தள்ளி நின்று வாசிப்பது பழக்கம்தான். அதற்கு மேல் போனால் கை தடுமாறும். யூ.எம்.2 வாங்கினால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டார் சிக்னலை நேராக ஹெட்போனுக்கு விடும் டைரக்ட் மானிட்டர் பட்டனை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் வெறும் கம்பிச் சத்தமும் சாஃப்ட்வேர் ஆம்ப் சத்தமும் இரட்டையாகக் கேட்கும்.

ஆம்ப் போல ஒலிக்க வைக்கும் சாஃப்ட்வேரில் நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு ரீப்பர், 60 நாள் முழுசாகப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆடாசிட்டி பதிவு செய்யும், ஆனால் வாசிக்கும்போதே ஆம்ப் சத்தத்தோடு கேட்க விடாது. இந்த வழியில் பதிவாவது வெறும் கிட்டார் சிக்னல்தான் என்பதால், மறுநாள் ஆம்ப்பை மாற்றினாலும் வாசித்தது அப்படியே இருக்கும்.

பாஸ் ஜி.டி-1 போல யூ.எஸ்.பி. ஆடியோ உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் ஏற்கெனவே கையில் இருப்பவர் எதுவும் வாங்க வேண்டாம், அதுவே இன்டர்ஃபேஸ்.

எந்த வழியானாலும் ஹம்மை, அதாவது 'ஊம்' என்ற கரண்ட் இரைச்சலை, மறக்காதீர்கள். எர்த் சரியில்லாத வீட்டில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பாதி இரைச்சல் உடனே போகும். மிச்சம் ஃபேன் ரெகுலேட்டரும் டியூப்லைட் சோக்கும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் ஏற்றுவது. பையன் வீட்டில் நாற்காலியை மெல்லத் திருப்பச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபோது 'ஊம்' என்றது. ரப்பர் ஷீட் காயும் திண்ணைப் பக்கம் திரும்பியதும் சட்டென்று அடங்கியது. அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறான்.